ஸ்ரார்ட் ஆகாத பழைய ஹொண்டா: கொக்குவில் கராஜ் ஒன்றில் கண்டது

பொயின்ற் (பொறிக்குரிய மின்சாரத்தைத் தொடுத்தும் துண்டித்தும் விடும் தொடுமுனைகள்) வைத்த 6 வோல்ட் மோட்டார் சைக்கிளை விளங்கிக்கொண்டு கை வைக்கக்கூடிய மெக்கானிக்குகள் யாழ்ப்பாணத்தில் வரவரக் குறைந்து வருகிறார்கள். கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்குள், பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகையில் அப்படி ஒருவர் வேலை செய்கிறார். கடந்த இரண்டு மாதங்களில் எனது வண்டியுடன் அவரிடம் மூன்று தடவை போய் வந்தேன். அங்கே கண்டதை, நல்லதும் குறையும் சேர்த்து, எழுதுகிறேன். காலையில் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் பழைய வண்டி ஸ்ரார்ட் ஆகாமல் நின்றுவிட்டால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் இதிலிருந்து ஓரளவு தெரியவரும். ஏனென்றால் அவர் தமது வேலையை எவரிடமிருந்தும் மறைத்துச் செய்பவர் அல்லர்.

எனது வண்டி ஹொண்டா சி.ஜி. 125. அப்பா ஆசிரியராக இருந்த காலத்தில், 1982 ஆம் ஆண்டு வாங்கியது. இந்த எஞ்சினை 1970களின் நடுப்பகுதியில் ஹொண்டா வடிவமைத்தபோது, ஒயில் மாற்றும் நாளைத் தவறவிடுபவர்களும் மோசமான வீதிகளும் உள்ள நாடுகளை மனதிற்கொண்டே அதனை அமைத்தது. ஹொண்டாவின் மற்றைய பல எஞ்சின்களில் தலைப்பகுதியில் சுழலும் கம், அதாவது வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு, இதிலே கீழே இருக்கிறது. வால்வுகளைத் தள்ளுதண்டுகள் இயக்குகின்றன. ஒயில் சற்றுப் பழையதாகிவிட்டாலும் தலைப்பகுதி சீக்கிரம் தேய்ந்துவிடாமல் இருப்பதற்கு அதுவே காரணம். 124 கன சென்ரிமீற்றர் கொண்ட ஒற்றைச் சிலிண்டர். பழைய வகைகளில் பொயின்ற், பிற்காலத்து வகைகளில் சி.டி.ஐ. எனப்படும் மின்னணுப் பெட்டி. எங்களுடையது பழைய வகை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி போரினால் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, எரிபொருள் இல்லாத இதே வண்டியில் அப்பம்மாவை இருத்தி, அரிசி மூட்டையையும் கட்டி, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி அப்பா தள்ளிக்கொண்டு போனார். ஆகையால் இதை விற்பது பற்றி எங்கள் வீட்டில் எவரும் கதைப்பதில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியபோது கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினோம்.

இந்தமுறை கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து வண்டி நான்கு மாதங்கள் ஓடாமல் தாழ்வாரத்திலேயே நின்றது. மாசி மாதத்தில் எடுத்துக் கிக்கர் அடித்தபோது ஒரு முனகல்கூட வரவில்லை. அருகிலிருந்த ஒரு கராஜுக்கு, அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன், தள்ளிக்கொண்டு போனேன். வண்டியை நிறுத்திய ஐந்தாவது நிமிடத்திலேயே அங்கே வேலை தொடங்கிவிட்டது. பிளக் மாற்றினார்கள், 900 ரூபா. பற்றரி செத்துவிட்டது என்று புதியது போட்டார்கள், 5,200 ரூபா. பிளக்குக்குப் போகும் மின்சாரத்தை உயர்த்தும் கொயில் பலவீனம் என்று அதையும் மாற்றினார்கள், 4,800 ரூபா. கார்பரேற்றரைக் கழற்றிக் கழுவியதற்கும் கூலிக்குமாக 3,500 ரூபா. ஆக 14,400 ரூபா கொடுத்தபின் வண்டி ஸ்ரார்ட் ஆகியது, வீடு வரைக்கும் வந்தது. மறுநாள் மத்தியான வெயிலில் திருநெல்வேலிச் சந்தியில் திடீரென்று நின்றது. அரை மணித்தியாலம் நிழலில் விட்டு அடித்தபோது மீண்டும் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பத்து நிமிட ஓட்டத்திலேயே நின்றது. நான்காம் நாள் காலையில் ஆறிய எஞ்சினிலும் பிடிக்கவில்லை. அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோனபோது, கார்பரேற்றரையே புதிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. மாற்றிப் பார்ப்பதற்கும் கண்டுபிடிப்பதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டைக் காசு கொடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது விளங்கியது.

கொக்குவில் கராஜை எனக்குச் சொன்னவர் தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் உறவினர். நண்பன் ஒருவன் தன் வண்டியில் இருந்தபடி காலால் உதைத்துத் தள்ளிவர, மானிப்பாயிலிருந்து காலை எட்டு மணியளவில் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாங்கில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை அண்ணை என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டார்:

“ஓடிக்கொண்டு வரேக்கை ஒரேயடியா நிண்டதோ தம்பி, இல்லாட்டி இழுத்து இழுத்து நிண்டதோ?”

சந்தியில் நின்ற நிமிடத்தை நினைத்துப் பார்த்து, விளக்கை அணைத்ததுபோல ஒரேயடியாக நின்றது என்றேன்.

“பிறகு சூட்டோடை அடிச்சனீங்களோ, ஆறவிட்டு அடிச்சனீங்களோ?”

சூட்டோடு அடித்தபோது பிடிக்கவில்லை, ஆறவிட்டு அடித்தபோது பிடித்தது என்றேன். பெற்றோல் எப்போது அடித்தது, வண்டி எத்தனை மாதம் நின்றது, நிற்கும்போது தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது, எந்தெந்தச் சாமான் மாற்றப்பட்டது என்று மேலும் நாலைந்து கேள்விகள் வந்தன. முந்திய கராஜில் கழற்றிய பழைய கொயிலையும் பிளக்கையும் நான் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் நான் சொல்லக்கூடிய முதலாவது புத்திமதி இதுவே: எங்கே திருத்தினாலும் கழற்றிய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுடைய பொருள். அடுத்துப் பார்ப்பவருக்கு அது ஒரு சாட்சி.

அந்த முதற் கேள்விக்கு ஏன் அவ்வளவு முக்கியம் கொடுக்கிறார் என்பதை வேலை செய்துகொண்டே விளக்கினார். எரிபொருள் குறைந்து நிற்கும் வண்டி ஒருபோதும் சட்டென்று நிற்காது. கார்பரேற்றரின் கிண்ணத்தில் மிஞ்சியிருக்கும் பெற்றோல் தீரும்வரை இழுக்கும், விக்கும், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் சற்றுத் தெளியும், அதன்பின்னரே நிற்கும். மின்சாரம் அறுந்து நிற்கும் வண்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. சூட்டில் நின்று ஆறியபின் பிடிக்கிறது என்றால், சூடேறும்போது கெட்டு, ஆறும்போது தேறும் பாகங்களையே தேட வேண்டும். கொயில், கொண்டென்சர், வால்வு இடைவெளி ஆகிய மூன்றும் அந்த வரிசையில் வரும். ஸ்பனர் ஒன்றைத் தொடுவதற்கு முன்னரே, தேட வேண்டிய இடத்தை அவர் இப்படிச் சுருக்கிக்கொண்டார்.

அடுத்த ஒரு மணித்தியாலத்தை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பெற்றோல் குழாயைத் திறந்து, நாலைந்து தரம் கிக்கர் அடித்து, உடனே பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். நுனி ஈரமாக இருந்தது, பெற்றோல் மணத்தது. எரிபொருள் சிலிண்டருக்குள் வந்து சேர்கிறது என்பது அத்துடன் உறுதியாயிற்று. முந்திய நாள் எனக்கு விற்க நினைத்த கார்பரேற்றருக்கு வேலையில்லை என்பதும் தெரிந்தது. பிளக் காய்ந்து வந்திருந்தால் பெற்றோல் குழாயின் வடியையும் கார்பரேற்றரின் மிதவையையும், பெற்றோல் வரும் நுண்துவாரமான சிறு ஜெற்றையும் அவர் பார்த்திருப்பார். பல மாதம் நின்ற பெற்றோல் பிசினாக மாறி முதலில் அடைப்பது சோம்பல் ஓட்டத்துக்கான அந்தச் சிறு ஜெற்றைத்தான்.

பிறகு பிளக் துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு என்னைக் கிக்கர் அடிக்கச் சொன்னார். விரலை உதறித் தள்ளும் அளவுக்குக் காற்று வந்தது. அமுக்கம் போதும், வால்வு பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்று அந்தப் பக்கத்தை மூடினார். அதன்பின் செய்ததை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். பெற்றோல் குழாயைப் பூட்டி, தரையில் சிந்தியிருந்ததைத் துடைத்து, பிளக் துவாரத்துக்குள் துணி ஒன்றைத் திணித்து, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, துவாரத்திலிருந்து எட்டத்தில் சிலிண்டர்த் தலையின் வெற்றுலோகத்தில் படும்படி வைத்தார். துவாரத்திலிருந்து வரும் பெற்றோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறி பாய்ச்சுவதால் தீப்பற்றிய வண்டிகளைத் தாம் கண்டிருப்பதாகச் சொன்னார். கிக்கரை அடித்தபோது பிளக் நுனியில் மெல்லிய மஞ்சள் பொறி ஒன்று வந்து வந்து மறைந்தது. நல்ல பொறி நீலமாக, கேட்கக்கூடிய ஒரு சொடுக்குடன் பாய வேண்டும்.

பொறி பலவீனமாக இருப்பதற்குரிய காரணங்களை, கழற்றுவதற்கு இலகுவானதிலிருந்து கடினமானது வரை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். பிளக் தொப்பியைத் திருகிக் கழற்றி, பச்சை பூத்திருந்த வயர் நுனியில் அரை அங்குலத்துக்கும் குறைவாக வெட்டிவிட்டு, புதுச் செம்பில் தொப்பியை மீண்டும் திருகினார், மாற்றமில்லை. திறப்புச் சுவிட்சுக்குப் போகும் கறுப்பு வெள்ளை வயரைப் பிரித்துவிட்டார். இந்த வகை வண்டியில் திறப்பைப் பூட்டினால் நடப்பது, அந்த வயர் வழியாக மின்சாரம் நிலத்துக்குக் கசிய விடப்படுவதுதான். நமது கரையோர உப்புக் காற்றிலும் மழை ஈரத்திலும் சுவிட்சுக்குள் பச்சை பிடித்து, திறப்பைத் திறந்த பின்பும் அந்தக் கசிவு தொடர்வது உண்டு. வயரைப் பிரித்ததும் நல்ல பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச். எங்கள் வண்டியில் அப்போதும் மாற்றமில்லை. பையில் இருந்த பழைய கொயிலை எடுத்துத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தார். புதுக் கொயிலில் எப்படி மஞ்சளாக வந்ததோ அப்படியே அதிலும் வந்தது. “இரண்டு கொயிலும் ஒரே மாதிரி அழுகுதெண்டால் அழுகை வேறை இடத்திலை” என்றார்.

அதற்குப் பிறகே இடப்பக்க மூடியைக் கழற்றினார். எஞ்சினோடு சுழலும் பாரச் சக்கரமான பிளைவீலின் ஜன்னல் வழியாகப் பொயின்ற் தெரிந்தது. கொட்டகைக் கதவை அரைவாசி சாத்தி, என்னைக் குனிந்து பார்க்கச் சொல்லிவிட்டு கிக்கரைக் கையால் அழுத்தினார். பொயின்ற் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் முகங்களுக்கு இடையில் வெள்ளையும் நீலமுமாகப் பொறி பறந்தது. பிளக்கில் பாய வேண்டியது இங்கே பாய்ந்து வீணாகிக்கொண்டிருந்தது. பொயின்ற் திறக்கும் கணத்தில் அங்கே பொறி தாவாதபடி மின்னோட்டத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வது கொண்டென்சரின் வேலை. சிறு விரலின் பாதியளவான அந்த உருளைக்குள் இருக்கும் காப்புத்தாள் வயதாகி, சூட்டில் கசியத் தொடங்கினால், முதலில் சூட்டில் மட்டும் வண்டி நிற்கும். நாளாக நாளாக ஆறிய எஞ்சினிலும் பிடிக்காது. எங்கள் வண்டியின் நான்கு நாள் வரலாறு அதுவே. பொயின்றின் முகங்கள் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாகக் கருகியிருந்ததற்கும் அதுவே காரணம்.

பழைய கொண்டென்சரின் வயரைப் பிரித்து, தமது தகரப் பெட்டியிலிருந்த ஒன்றை வெளியிலிருந்து இரண்டு வயரால் தொடுத்தார். பொயின்ற் முகங்களை மெல்லிய அரத்தால் மட்டமாக்கி, பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்து, பின்னர் வெறும் கடதாசித் துண்டு ஒன்றை இடையில் விட்டு இழுத்துச் சுத்தமாக்கினார். இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். எங்களுடையது பொயின்றின் கால் தேய்ந்து அதைவிட ஒடுங்கியிருந்தது. இடைவெளி ஒடுங்கினால் பொயின்ற் பிந்தித் திறக்கும், பொறியும் பிந்தும். அளவுத்தகடு வைத்துச் சரிசெய்தபின், மெல்லிய தாள் கீலம் ஒன்றைப் பொயின்றுக்கு இடையில் வைத்து மெதுவாக இழுத்தபடியே பிளைவீலைச் சுற்றினார். பிடித்துக்கொண்டிருந்த தாள் வழுகி வரும் கணமே பொயின்ற் திறக்கும் கணம். அந்தக் கணத்தில் பொறி பாய வேண்டிய நேரத்தைக் காட்ட பிளைவீலில் உள்ள எஃப் என்ற கோடு எஞ்சின் உடலில் உள்ள கோட்டுடன் நேராக நின்றது. பிளக்கின் இடைவெளியையும் அளந்து 0.7 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தார். புதுப் பிளக் என்பதால் அதை முன்பு எவரும் அளக்கவில்லை. இரண்டாவது கிக்கரில் எஞ்சின் பிடித்தது. பழைய கொயிலுடன்தான் பிடித்தது. அதைத் தாமே நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, புதியதைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார்.

14,400 ரூபாவில் 900 ரூபாப் பிளக்கைத் தவிர வேறெதற்கும் தேவை இருக்கவில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. பற்றரிகூட வண்டி ஸ்ரார்ட் ஆவதற்கு வேண்டியதில்லை. இந்த வகையில் பொறிக்குரிய மின்சாரம் பிளைவீலுக்குள் இருக்கும் சுருளிலிருந்தே வருகிறது. பற்றரி ஹோர்ன், சிக்னல் விளக்கு போன்றவற்றுக்கே. அந்த விவரத்தை அறியாமலா, அறிந்துமா அதை எனக்கு விற்றார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. கேள்வி கேட்காமல் கை வைத்த இடத்தில் எது சரிவந்தாலும் அது தற்செயல் என்பதை மட்டும் சொல்வேன். அங்கே முதல்நாள் வண்டி பிடித்ததற்குக் காரணம், நான்கு மாதம் ஆறிக் கிடந்த கொண்டென்சரும், சுத்தமான புதுப் பிளக்கும் ஒருநாளைக்குக் கைகொடுத்ததே.

கொக்குவிலில் அன்று கொடுத்தது 2,500 ரூபா. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து புதுப் பொயின்றும் கொண்டென்சரும் வருவித்து, அடுத்த கிழமை மறுபடி போய்ப் பூட்டியபோது சாமானுக்கு 3,200, கூலிக்கு 1,000. புதுக் கொண்டென்சரை எஞ்சினின் சூடு படாதபடி தாங்கிக்குக் கீழே சட்டகத்தில் வைத்துப் பூட்டினார். அந்த இரண்டாவது பயணத்தில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

இந்த ஒழுங்கான தேடலை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். 1990 முதல் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், பதினைந்து வயதில் ஒரு கராஜில் உதவியாளராகச் சேர்ந்ததாகச் சொன்னார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மண்ணெண்ணெய் ஆறிய எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொக்கிசம்போல் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரி பிடிக்கும், புகை கக்கும், பாதி வழியில் நிற்கும். மாற்றிப் பார்ப்பதற்குச் சாமான் இல்லாத ஊரில், இருப்பதைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பழுதடைந்த கொண்டென்சர் ஒன்றை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்க முடியாத காலம் அது. வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய கொண்டென்சரைப் போட்டு ஓடிய வண்டி ஒன்றைத் தாம் கண்டிருப்பதாகவும் சொன்னார். 2022 எரிபொருள் நெருக்கடியில், பங்கீட்டுக்கான கியூ.ஆர். அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று மோட்டார் சைக்கிள்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய நாட்களில், கானில் சேமித்துப் பழசான பெற்றோலையும் மண்ணெண்ணெய்க் கலவையையும் ஊற்றிக் கெடுத்த வண்டிகள் அவரிடம் நிறைய வந்தனவாம். அவற்றையும் இதே வரிசையில்தான் பார்த்திருக்கிறார்: எரிபொருள் வருகிறதா, பொறி வருகிறதா, அமுக்கம் இருக்கிறதா, மூன்றும் உரிய நேரத்தில் சந்திக்கின்றனவா.

குறைகளையும் சொல்லவேண்டும். ஒரு நாளில் மூன்று வண்டிகளுக்கு மேல் எடுக்கமாட்டார். நான்காவதாகப் போனால் மறுநாள் வரச் சொல்வார், எவ்வளவு அவசரம் என்றாலும் மனம் மாறமாட்டார். தொலைபேசியில் செலவு கேட்டால் சொல்வதில்லை. வண்டியைப் பார்க்காமல் சொல்லும் கணக்கு பொய்க்கணக்கு என்பது அவர் வாதம். நியாயமே என்றாலும், கையில் எவ்வளவு கொண்டுபோவது என்று தெரியாமல் போக வேண்டியிருக்கிறது. பற்றுச்சீட்டுத் தருவதில்லை, சாமான் விலையை ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவதோடு சரி. காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு மட்டுமே உண்டு. மழை பெய்தால் தகரத்தின் ஒரு மூலை ஒழுகுகிறது. எரிபொருள் ஊசி முறையில் வரும் புதிய ஸ்கூட்டர்களை அவர் தொடுவதில்லை, தெரியாத வேலை என்று நேரடியாகவே சொல்லித் திருப்பி அனுப்புகிறார். சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றால் ஒரு கிழமை பொறுக்க வேண்டும். வேலைக்குப் போக வேறு வழியில்லாதவர்கள் இதையெல்லாம் யோசித்துக்கொண்டே போகவேண்டும்.

ஞாயிறு பூட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானத்துடன் முடித்துவிடுவார். மற்றைய நாட்களில் காலை எட்டு மணிக்கு முன்னர் போவது நல்லது. வண்டியைக் கழுவி மினுக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒயில் எங்கே கசிகிறது, புகை எங்கே படிந்திருக்கிறது என்பதை அவர் அந்த அழுக்கிலிருந்தே பார்க்கிறார். நின்ற விதத்தை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.

மூன்றாவது தடவை போனதற்குக் காரணம் புதிய கோளாறு. இரண்டு கிழமைகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய வண்டி, ஒரு சனிக்கிழமை பின்னேரம் வட்டுக்கோட்டைக்குப் போகும் வழியில், கல்லுண்டாய் வெளியின் நடுவே நின்றது. ஒரு மரமோ ஒரு வீடோ இல்லாத உப்புவெளி. காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. முதலில் எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. பிறகுதான் அவருடைய முதற் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. இந்தமுறை சட்டென்று நிற்கவில்லை. இருநூறு யார் தூரம் விக்கி விக்கி, சோக்கை இழுத்தபோது சற்றுத் தெளிந்து, அதன்பின்னரே நின்றது. அப்படியானால் இது எரிபொருள். பிளக்கைக் கழற்றினேன், காய்ந்திருந்தது. தாங்கி மூடியைத் திறந்தேன். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. பெற்றோல் குறையக் குறைய அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் நுண்ணிய துவாரம் ஒன்று இருக்கிறது. அது அடைபட்டால் தாங்கிக்குள் காற்று வெறுமையாகி, பெற்றோல் கீழே இறங்காமல் நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடி, ஒரு நிமிடம் பொறுத்து அடித்தேன். மூன்றாவது கிக்கரில் பிடித்தது. வீடு வரை இரண்டு இடத்தில் நிறுத்தி மூடியைத் திறந்து திறந்து வந்து சேர்ந்தேன்.

திங்கட்கிழமை அதைச் சொன்னபோது அவர் மூடியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மழைத்தண்ணீர் தாங்கிக்குள் இறங்கக்கூடாது என்று மார்கழியில் நான் போட்டிருந்த புதிய ரப்பர் வாசர் அந்தத் துவாரத்தை முழுவதாக மூடியிருந்தது. கிட்டிய ஓட்டங்களில் அது தெரியவரவில்லை. நீண்ட ஓட்டத்தில்தான் தெரிந்தது. “இதை நான் முதல்நாளே பாத்திருக்கோணும்” என்று சொல்லிவிட்டு, மெல்லிய கம்பி ஒன்றை நெருப்பில் காய்ச்சி, மூடியின் துவாரத்துக்கு நேரே ரப்பரில் ஒரு சிறு துளை போட்டார். வாயால் ஊதிக் காற்றுப் போகிறதா என்று பார்த்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. தாம் பார்க்கத் தவறியதற்குக் கூலி வாங்குவது முறையல்ல என்றார். வாசரைப் போட்டது நான்தான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கல்லுண்டாய் வெளியால் நான்கு தடவை போய் வந்துவிட்டேன். மூடியைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லை.